தண்ணிப் பிரச்சனை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உடுமலை போய்விட்டு வந்தேன். மிருதுளாவுக்கு ஆறு முடிந்து ஏழாம் மாதம் பிறந்திருக்கிறது. முகம் தெளிந்து, கன்னத்தில் சதை போட்டிருக்கிறாள். பெற்றவள் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன். ஆனால் அந்தச் சதை என் வீட்டுச் சோற்றில் போட்ட சதை இல்லையே என்றும் இருந்தது.

பஸ்ஸில் போன கசகசப்புக்குக் குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீர் வந்தது, அப்புறம் கையைப் பொசுக்குகிற மாதிரி சுடுதண்ணீர். அடுப்பில் ஒன்றும் இல்லை, சுவிட்ச் எதையும் போடவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் சம்பந்தியம்மாளே ஆரம்பித்துவிட்டாள். "சோலாருங்க. மாடியில வெச்சிருக்குது. எந்நேரம் தொறந்தாலும் வரும்ங்க."

நேரில் 'சம்பந்தி' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறேன். இது என் டைரி, இங்கே பேரைச் சொல்லலாம். சாந்தாமணி.

என் மகள் அவளோடு சேர்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள். முதலில் வருகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற வேண்டுமாம், வீணாக்கக் கூடாதாம். இங்கே இருந்தவரை ஒரு குழாயைக்கூட இறுக மூடியதில்லை இவள்.

மத்தியானம் சாந்தாமணி அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மிருதுளா அவள் மடியில் தலை வைத்து அப்படியே தூங்கிப் போனாள், வாயைத் திறந்துகொண்டு. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போடாமல் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. சொந்த மகளைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று அதற்கு ஒரு முறை தனியாக எரிந்தது.

என் வீட்டுக்காரர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை. பிரஷர், தலைசுற்றல் என்று சொன்னேன். "உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள் சாந்தாமணி. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் வாளியில் ராடு போட்டுத் தண்ணீர் காய வைத்தேன். துருப்பிடித்த ராடு, விளிம்பு உருகிய பிளாஸ்டிக் வாளி. இத்தனை வருஷம் அது அசிங்கமாகத் தெரிந்ததில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை விரியாமல் வந்தது. அந்த நல்ல மனநிலையிலேயே மிருதுளாவுக்குப் போன் போட்டேன்.

வளைகாப்பு செப்டம்பர் 14, உடுமலையில். வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். அவள் அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியாயிற்று, தொட்டில் மாட்டுகிற கொக்கியைக்கூடச் சரிபார்த்துவிட்டேன். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மிருதுளா குரலைத் தாழ்த்தி, "அம்மா, அங்க தண்ணிப் பிரச்சனை இருக்குதல்லம்மா. கைக்கொழந்தைய வெச்சுட்டு எப்புடி இருக்கறது?" என்றாள்.

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. சாந்தாமணிதான், வேறு யார். என்ன தண்ணிப் பிரச்சனை என்று கேட்டேன். "அதான்மா. உனக்குத் தெரியாததா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் வடவள்ளியில் தண்ணீருக்கு என்ன பிரச்சனை? குடிக்கச் சிறுவாணி வருகிறது. புழங்க போர் இருக்கிறது. கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். கொழுக்கட்டைத் தட்டோடு உட்கார்ந்து யோசித்தேன். புரிந்துவிட்டது. சுடுதண்ணீர்! பிள்ளை பெற்ற உடம்புக்குச் சுடுதண்ணீர் வேண்டும், குழந்தைக்கு வேண்டும், துணி அலச வேண்டும். அங்கே குழாயைத் திறந்தால் வருகிறது, இங்கே ராடும் வாளியும். சாந்தாமணி சோலாரைக் காட்டித்தான் என் பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

சோலார்தானே. நானும் போடுகிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று ராத்திரி அவர் கடையை மூடிவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். காந்திபுரத்தில் பம்புசெட்டு கடை அவருக்கு. கடை எட்டு மணிக்கு மூடும், வீட்டுக்கு வர நேரமாகும், கணக்கு முடிக்க வேண்டியிருக்கும். "போட்டுரலாம் அம்மிணி, ரெண்டாப் போட்டுரலாம்" என்றார். செருப்பைக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டார். பாவம், நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிற வேலை.

அந்த நேரத்தில் அவர் எதற்கும் சரி என்பார், விடிந்தால் ஞாபகம் இருக்காது. அதனால் காலையில் காப்பி கொடுக்கும்போது புதிதாகச் சொல்வது போல மறுபடியும் சொன்னேன். "எதுக்கு திடீர்னு?" என்றார். மிருதுளா வருகிறாள் என்றேன். முகம் மலர்ந்துபோயிற்று. அவருக்கு மகள் என்றால் உயிர். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 30, சனி

சோலார் கடைக்குப் போனேன். டை கட்டிய பையன் ஒருவன் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். உப்புத் தண்ணீருக்குத் தகடு மாடல் ஆகாதாம், அடைத்துக்கொள்ளுமாம். கண்ணாடிக் குழாய் மாடல்தான் சரியாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். இரண்டு பேர் என்றேன். நூறு லிட்டர் தாராளம் என்றான்.

உடுமலையில் இருப்பது இருநூறு. முந்நூறு போடு என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இரண்டு பேருக்கு முந்நூறு லிட்டர் எதற்கு என்று அவனுக்குக் கவலை. பிள்ளைப்பேறு வருகிறது என்றேன். என்னைத்தான் மறுபடி பார்த்தான், கடன்காரன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றைக்கு மாட்டிவிட்டார்கள். பிட்டர் ரியாஸும் கூட ஒருவரும் வந்தார்கள். தொட்டியை மாடிப்படி வளைவில் திருப்புவதற்குள் சுவரில் இரண்டு இடத்தில் காரை பெயர்ந்தது. கண்ணாடிக் குழாய்களை அட்டைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக, குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்துத் தெற்குப் பார்க்க அடுக்கினார்கள். வெயிலில் வைத்ததுமே உள்ளே சூடு ஏறுகிறது.

ஒரு சிக்கல் வந்தது. பச்சைத் தண்ணீர்த் தொட்டி சோலார் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் தண்ணீர் தானாக இறங்கி அதில் நிரம்பும். எங்கள் பழைய கறுப்புத் தொட்டி தரையோடு தரையாக இருந்தது. அதை நகர்த்தி இரும்பு ஸ்டாண்டு மேல் ஏற்றினார்கள்.

அதற்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் பாட்டில்கள் கிடந்தன. கொஞ்சம் என்றால், ரியாஸ் சாக்கு கேட்டான், கொடுத்தேன். இன்னொரு சாக்கு கேட்டான். "எங்கீங்கக்கா வெக்கட்டும்?" என்றான்.

"பழைய பினாயில் பாட்டிலுப்பா. கீழ வெச்சிரு" என்றேன்.

அவன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்கக்கா" என்றான். நல்ல பையன்.

எங்கள் தெருவுக்கு வருகிற பழைய பேப்பர்காரர் வாய் சும்மா இருக்காது. இரண்டு சாக்கையும் ஆட்டோவில் ஏற்றி லாலி ரோட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

வருகிறது! நாலு மணிக்குக் குழாயைத் திறந்தேன், ஆவி பறக்கிறது. பச்சைத் தண்ணீரை வாளியில் பிடிக்கவில்லை, வேண்டுமென்றே ஓட விட்டேன். ஆவியோடு சேர்த்துப் போட்டோ எடுத்து மிருதுளாவுக்கு அனுப்பினேன். '300 லிட்டர்' என்று கீழே எழுதினேன்.

கட்டைவிரலைத் தூக்கி ஒரு பொம்மை வந்தது. அவ்வளவுதான்.

அவர் மாடிக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு இறங்கினார். தொட்டியை எங்கே நகர்த்தினீங்க என்று கேட்டார். ஸ்டாண்டு மேலே என்றேன். அதற்குப் பின்னால் கிடந்ததைப் பற்றிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாந்தாமணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. "நல்ல காரியம் பண்ணீங்க சம்பந்தி. முந்நூறு லிட்டருங்களா, எங்குளுக்கு அப்ப இந்த யோசனையே வரலீங்க." மூன்று தடவை போட்டுக் கேட்டேன். முப்பது வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிய காது எனக்கு. டிரங்கால் இரைச்சலிலும் யார் அழுதார்கள், யார் நடித்தார்கள் என்று சொல்லுவேன். இவள் குரலில் குத்தல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கொஞ்சமாவது கெட்டவளாக இருந்து தொலைத்தால் எனக்கு வசதியாக இருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை. எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

அவர் காலையில் நன்றாகத்தான் இருந்தார். வெள்ளை வேட்டி, விபூதி, கார் முழுக்கச் சீர்த்தட்டு. வழியெல்லாம் பேரன் பேத்தி பேச்சு. கட்டுச்சோறு ஏழு வகையும் நானே கிளறிக் கொண்டுபோனேன். புளிச்சோறு பிரமாதம் என்று உடுமலைக்காரர்களே சொன்னார்கள். மிருதுளா அரக்குப் பட்டில் மனையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கக் கண் போதவில்லை. நான்தான் முதல் வளையலைப் போட்டேன்.

மாப்பிள்ளை நவநீதனின் பெரியப்பா யாரோ தோப்பைக் காட்டுகிறேன் என்று இவரை அழைத்துப் போயிருக்கிறார். தென்னந்தோப்பில் பார்க்க என்ன இருக்கிறது. திரும்பி வந்தபோது இவருக்கு வியர்த்துக் கொட்டியது. பெண்ணுக்குச் சந்தனம் பூசுகிறேன் என்று முன்னால் வந்தார். கை நடுங்கிச் சந்தனம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "என்ற சாமி, அப்பன மன்னிச்சுரு" என்று சத்தமாக அழ ஆரம்பித்தார். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

நான் கல்லாட்டம் நின்றேன். சாந்தாமணிதான் வந்தாள். அவரைத் தொடாமல், கூடவே நடந்து, "வாங்கண்ணா, இந்தப் பக்கம் காத்து வருது" என்று உள்ளறைக்கு அழைத்துப் போனாள். மோர் கொடுத்தாள், மின்விசிறியைப் போட்டாள், கதவைச் சாத்தினாள். வெளியே வந்து எல்லாரையும் பார்த்து, "பிரசருங்க. வெயில்ல வந்ததுல தூக்கி உட்ருச்சு. நீங்க பாடுங்க" என்றாள்.

என் பொய். வார்த்தை மாறாமல் என் பொய். நான் இத்தனை வருஷம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள், எல்லாரும் நம்பினார்கள். மகளை எடுத்துக்கொண்டாள், போகட்டும். இதையுமா எடுத்துக்கொள்ள வேண்டும்?

புறப்படுகிற நேரம் மிருதுளா பெட்டி எடுக்கவில்லை. டாக்டர் பயணம் வேண்டாம் என்கிறாராம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். அவள் கண் சந்தனத்தால் சிவந்திருந்தது. காலி டப்பாக்களைப் பின் சீட்டில் அடுக்கி, பெண் உட்கார வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சுடுதண்ணீர் நன்றாக வருகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாலு நாளாக விடாத மழை. சோலாரில் வெதுவெதுப்புகூட இல்லை, வானம் மூடிக் கிடந்தால் அதுவும் என்ன செய்யும். கரண்டில் காய வைக்கிற சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டேன். முந்நூறு லிட்டரையும் காய வைக்கத்தான் அதற்குத் தெரியும், ஒரு ஆளுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது.

எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, தனியாகக் கங்கா ஸ்நானம் செய்தேன். அவரை எழுப்பினேன், எழவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் கடைப் பையன்களுக்குப் போனஸ் கொடுத்துவிட்டு அவர்களோடு போயிருக்கிறார். அவர் பங்கு எண்ணெய் கிண்ணத்திலேயே இருந்தது.

உடுமலையிலிருந்து வீடியோ கால். மிருதுளா தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வயிறு முன்னால் தள்ள, கம்பி மத்தாப்பு பிடித்தாள். பின்னால் சாந்தாமணி, "ஏ அம்மிணி, தள்ளிப் புடி, தள்ளிப் புடி" என்று பதறிக்கொண்டிருந்தாள். அந்தப் பதற்றம் என்னுடையது. அதைப் பட வேண்டியவள் நான். அப்பா எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

வந்தாள்! கோவையில் ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் அப்படியே வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்காமலேயே மருந்து வாங்கப் போய்விட்டார். திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியவில்லை.

இன்று நல்ல வெயில். நான் அவளை உட்காரக்கூட விடவில்லை, குளியலறைக்குக் கூட்டிப் போனேன். பாரு என்று குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர் போய்ச் சுடுதண்ணீர் வந்தது. அவள் கால் வீங்கியிருந்தது. ஸ்டூலைப் போட்டு, வாளியில் பதமாகக் கலந்து, அவள் காலை எடுத்து உள்ளே வைத்தேன். "நல்லா இருக்குதும்மா" என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் போல இருந்தது. இனிமேல் என்ன குறை, இங்கேயே இருந்துவிடு என்றேன்.

அவள் வாளித் தண்ணீரில் காலை ஒருமுறை அசைத்தாள்.

"நான் சொன்ன தண்ணி இது இல்லம்மா. உனக்குத் தெரியும்."

நான் குழாயை மூடினேன். போனில் சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

"லைன் எவ்வளவு கொரகொரன்னாலும் ஒரு வார்த்தையை உடமாட்டேன்னு சொல்லுவியே. அன்னிக்கு லைன் நல்லாத்தானம்மா இருந்துது. அத்தை பக்கத்துல இருந்தாங்க. அப்பா குடிக்கறாருன்னு எப்புடி சத்தமாச் சொல்லறது? தண்ணின்னு சொன்னா உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

மெதுவாகத்தான் பேசினாள், சண்டை போடவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையன்று இதே குளியலறையில் அவள் இருக்கும்போது, வாந்தி எடுக்க அப்பா கதவைத் தட்டிக்கொண்டே நின்றதைச் சொன்னாள். சோப்பு நுரையோடு வெளியே வந்து கூடத்தில் நின்றாளாம். நான் அப்போது ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பித்தம் என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். "கொழந்தைய நடுக்கூடத்துல படுக்க வெச்சுட்டு, அப்பா எந்த நெலமைல வருவாருன்னு நான் பாத்துட்டு உக்கார முடியாதும்மா. என்னால அது ஆகாது."

எனக்கு அந்த நேரத்திலும் கேட்கத் தோன்றியது வேறு. "உங்க அத்தைக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே விசாரிச்சுத் தெரிஞ்சுட்டாங்க. என்கிட்ட ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

ஆக, தெரிந்துதான் 'உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க' என்றிருக்கிறாள். தெரிந்துதான் மோர் கொடுத்திருக்கிறாள். நான் இரண்டு சாக்கு பாட்டிலை ஊர் கண்ணுக்கு மறைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன், அவள் சத்தமில்லாமல் என் வீட்டையே மறைத்து வைத்திருக்கிறாள். இதில்கூட அவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

மாப்பிள்ளை ஹாரன் அடித்தார். நான் மிருதுளாவின் காலைத் துடைத்துவிட்டேன், விரல் இடுக்கெல்லாம். போனாள்.

அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியாதா. ஒன்றுக்குக் கடையில் விலை கேட்கலாம். இன்னொன்றுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அக்டோபர் 31, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. கீரை கடைந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

காலையில், அவர் தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து, மிருதுளா சொன்னதை அப்படியே சொன்னேன். பூசி மெழுகவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "அவளே சொன்னாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அவ வரட்டும். வந்து இருக்கற வரைக்கும் நிறுத்திக்கறேன்" என்றார்.

மருதமலைப் படியில் சூடம் அணைத்து ஒரு தடவை சத்தியம் செய்திருக்கிறார். அவள் கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை. நிறுத்தி, வைத்தியம் பார்த்து, அப்புறம் அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். "பாக்கலாம்" என்று எழுந்து கடைக்குப் போனார். சாயங்காலம் வந்த நடையிலேயே பதில் தெரிந்துவிட்டது.

நவம்பர் 24, திங்கள்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். உடுமலை ஆஸ்பத்திரியில். தலை நிறைய முடி.

அவரும் வந்தார், சுத்தமாக. குழந்தையைக் கையில் வாங்கப் பயந்து, மெத்தை ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். குழந்தை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. அழுதார். அவர் ஒரேயடியாகக் கெட்டவர் என்றால் முப்பது வருஷம் முன்பே எனக்கு முடிவு தெரிந்திருக்கும். திரும்பி வந்ததும் கடைப் பையன்களோடு கொண்டாடப் போனார்.

குழந்தையை முதலில் யார் வாங்கியது என்று நர்ஸிடம் விசாரித்தேன். சாந்தாமணிதானாம். நான் பஸ்ஸில் இருந்தேன்.

டிசம்பர் 3, புதன்

இதை உடுமலையில், மிருதுளா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றைக்குப் பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்க்க நாள் பார்த்திருந்தார்கள். குழந்தையையும் இன்றைக்குக் காலில் போட்டு முறையாகக் குளிப்பாட்ட வேண்டும். "மொதத் தண்ணி நீங்கதான் வாக்கோணும் சம்பந்தி, வந்துருங்க" என்று நேற்றே சாந்தாமணி போன் செய்தாள். இன்று காலை கோவையில் அவரை எழுப்பினேன். எழவில்லை. பெரிய பையை எடுத்தேன். புடவைகள், மாத்திரை, கண்ணாடி, டைரி, எல்லாவற்றையும் வைத்தேன். சம்பந்தி வீட்டில் ஒரு வேளை கை நனைத்துவிட்டு வருவது வேறு. பெண்ணைக் கொடுத்த வீட்டில் பை வைத்துத் தங்குவதை எங்கள் பக்கம் கேவலமாகப் பேசுவார்கள். பஸ்ஸில் ஏறி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டபோது எனக்கும் முகம் சுட்டது.

வேப்பிலையும் நொச்சியும் போட்டுத் தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தாள். இதற்குச் சோலார் ஆகாதாம், அடுப்பில் கொதித்த தண்ணீர்தான் வேண்டுமாம். மிருதுளாவின் இடுப்பில் நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற அவள் 'ஸ், ஸ்' என்று பல்லைக் கடித்தாள். சின்ன வயதில் ஊசி போடும்போதும் அப்படித்தான் கடிப்பாள். முதுகைத் தேய்த்துவிட்டேன்.

கூடத்தில் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சாந்தாமணியின் நாத்தனார், என் பையைப் பார்த்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி, "அவருக்கு பிரசருங்க..." என்று ஆரம்பித்தாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. என் புருஷன். என் முப்பது வருஷம். அதையும் இவளா சொல்ல வேண்டும்?

"பிரசர் இல்லீங்க. குடிச்சுப்போட்டு வீட்டுல படுத்திருக்காரு. தெனமும் அப்புடித்தான். அதனாலதான் என்ற புள்ள இங்கிருக்குது. அவ எந்திரிச்சு நடமாடற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப்போறேன். இவங்க சம்மதிச்சா."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். உள்ளே இருந்து ஈரத் தலையோடு மிருதுளா எட்டிப் பார்த்து, "அம்மா, அப்பாவுக்கு சோறு?" என்றாள். அவர் பார்த்துக்கொள்வார் என்றேன். அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

சாந்தாமணி என் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பி வந்து, "கொழந்தைக்குத் தண்ணி ஆறுதுங்க, வாங்க" என்றாள்.

கால் நீட்டி உட்கார்ந்தேன். குழந்தையைக் குப்புறப் போட்டு நான் பிடித்துக்கொள்ள, அவள் ஊற்றினாள். வீடே அதிரக் கத்தியது. நேற்று சாந்தாமணி துணி நனைத்து மேலுக்குத் துடைத்துவிட்டபோது சத்தமே போடவில்லையாம், கொட்டாவி விட்டதாம். மிருதுளாவே சொன்னாள். பொறாமையாகத்தான் இருந்தது. கத்தட்டும். நாளைக்கும் என் காலில்தான்.